ஊசி கேட்டு வரும் தம்பியிடம் எப்படிப் பேசுவது

ராத்திரி ஒன்பதரைக்கு மேல், ஜிம்மில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். நாலு பேர் இருக்கும்போது யாரும் கேட்பதில்லை. போன தை மாதமும் அப்படித்தான் ஒருவன் வந்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கிற பையன், வயது 19. எல்லோரும் போகும்வரை ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நேரத்தைக் கடத்திவிட்டு, பக்கத்தில் வந்து போனை நீட்டினான். படத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே மஞ்சளாக எண்ணெய் மாதிரி மருந்து, உடம்பு ஏற்றுவதற்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. “மாஸ்டர், இது ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க.”

மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாக ஜிம் மாஸ்டராக இருக்கிறேன். ஆரம்பத்தில் இப்படிக் கேட்பவர்களைத் திட்டி விரட்டுவேன். அப்படி விரட்டின ஒருவன் மறுநாளே வேறொரு ஜிம்மில் சேர்ந்து, அங்கேயே ஊசி போட்டுக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. என் கோபத்தால் அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் மெதுவாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்ற மாஸ்டர்களுக்கும், தம்பி உள்ள அண்ணன்களுக்கும், மகன் சட்டை திடீரென்று இறுகுவதைப் பார்த்து யோசிக்கிற அப்பா அம்மாவுக்கும் உதவும்.

அந்தப் பையனிடம் நான் முதலில் சொன்னது, “உக்காருடா” என்பதுதான். இரண்டாவது, “எதுக்கு?”

இந்த “எதுக்கு” முக்கியம். கிட்னி போய்விடும், செத்துப்போவாய் என்று எடுத்த எடுப்பில் பயமுறுத்தினால், அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். ஊசி கேட்கிறவனுக்கு ஊசி வேண்டியதில்லை, வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் பேசுவது வீண்.

என்னிடம் வந்தவர்கள் சொன்ன காரணங்களைச் சொல்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, போட்டோவில் நன்றாகத் தெரிய வேண்டும். காதலித்த பெண் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பவுன்சர் வேலைக்குப் போனேன், ‘உடம்பு பத்தாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆணழகன் போட்டி மேடையில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். இன்ஸ்டாவில் ஒருவன் ஆறு மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறான், நான் மூன்று வருடமாகச் செய்தும் அப்படியே இருக்கிறேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர், இளவட்டங்கள் மத்தியில் தளர்ந்து தெரிவதாகச் சொல்லிக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் ‘நோஞ்சான்’ என்று கூப்பிட்டதை இன்னும் மறக்காமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கடைசி வகைதான் எனக்குப் பெரிய கவலை. கல்யாணத்துக்காகக் கேட்கிறவன் கல்யாணம் முடிந்தால் விட்டுவிடக்கூடும். நோஞ்சான் என்ற பேச்சைச் சுமக்கிறவனுக்கு எத்தனை அங்குலம் ஏறினாலும் போதாது.

கை சுற்றளவு 17 அங்குலம் இருந்தும் வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டு வருகிற ஒருவனை எனக்குத் தெரியும். கை ஒல்லியாகத் தெரிகிறதாம். இது திமிர் இல்லை, ஒரு மனநோய். ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1993-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருந்தும் குண்டாக இருக்கிறேன் என்று பட்டினி கிடக்கும் நோய் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் மறுபக்கம் இது. இப்படிப்பட்டவனுக்கு டயட் சார்ட் எழுதிக் கொடுத்துப் பயனில்லை, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அடுத்து, மருந்து வேலை செய்யாது என்று பொய் சொல்லாதீர்கள். பெரியவர்கள் பலரும் செய்யும் தவறு இது. பக்கத்து பெஞ்சில் படுத்திருப்பவனுக்கு வேலை செய்வதை அவன் கண்ணால் பார்க்கிறான். நாம் இல்லையென்று சொன்னால், அதற்கப்புறம் நாம் சொல்லும் உண்மைகளையும் நம்பமாட்டான். 1996-ல் ஷலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் 10 வாரம் ஒரு ஆய்வு நடத்தியது. மருந்து இல்லாமல் எடை தூக்கியவர்களுக்குச் சுமார் 2 கிலோ தசை ஏறியது. மருந்து மட்டும் போட்டு எடையே தூக்காதவர்களுக்குச் சுமார் 3 கிலோ. இரண்டையும் செய்தவர்களுக்கு 6 கிலோ. இதை நான் மறைக்காமல் பையன்களிடம் சொல்கிறேன். “ஆமாண்டா, ஏறும். ஏத்துறதுக்கு என்ன கொடுக்கணும்னு இப்பக் கேளு” என்று சொன்னால், உட்கார்ந்து கேட்கிறான்.

பேசுவதற்கு முன் எந்த ஸ்டீராய்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலரிலும், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோன் மாத்திரையிலும் இருப்பது வேறு வகை. அது வீக்கத்தைக் குறைக்கிறது, தசையை வளர்ப்பதில்லை. ‘ஸ்டீராய்டு கெட்டது’ என்று எங்கோ கேட்டுவிட்டுக் குழந்தையின் இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜிம்மில் புழங்குவது அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும், அதைப் போலவே செய்யப்பட்ட மற்ற மருந்துகளும்தான் அவை. டெஸ்டோ, டெக்கா, டயனாபால், வின்ஸ்ட்ரால் என்று பையன்கள் சொல்லும் பேரெல்லாம் இதில் அடங்கும். புரோட்டீன் பவுடர் இதில் சேராது. அது பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த சத்துதான்.

‘உடம்பு ஏறுவதற்கு’ என்று சில இடங்களில் விற்கும் மாத்திரைகளும் பவுடர்களும் இன்னொரு தொல்லை. பேரில்லாத இந்தச் சரக்கில் டெக்சாமெதசோன் இருக்கக்கூடும். அது முதலில் சொன்ன வகை ஸ்டீராய்டு. பசி எடுக்கும், முகம் நிலா மாதிரி உப்பும், எடை முள் ஏறும். ஏறுவது நீரும் கொழுப்பும்தான், தசை கரையும். சர்க்கரை ஏறும். மாதக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இதைத் தின்றுகொண்டிருப்பவர் தானாக நிறுத்தாமல், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, அனபாலிக் ஸ்டீராய்டு உள்ளே போனால் என்ன ஆகும்? நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சொல்வேன். தொட்டியில் மிதவை இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். உடம்பிலும் அப்படித்தான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மிதவை மாதிரி. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் விதைகளுக்குச் சொல்லி அனுப்பும், அவை சுரக்கும். ஒரு ஆணின் உடம்பு ஒரு நாளைக்குச் சுரப்பது சில மில்லிகிராம்தான். இப்போது லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினால் என்ன ஆகும்? வழிய வழிய நிறைந்திருக்கும், மோட்டார் ஓடவே ஓடாது. ஜிம்மில் போடும் அளவு, மருத்துவர் நோய்க்குக் கொடுப்பதைப் போலப் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். மாதக்கணக்கில் ஓடாத மோட்டார் துருப்பிடிக்கும். விதை சுருங்கும், விந்தில் உயிரணு குறையும். லாரியை நிறுத்தின அன்றைக்குத் தொட்டி காலி, மோட்டாரும் ஓடாது.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற பையனுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-ல் வெளிவந்த அந்த ஆய்வில் வாராவாரம் ஊசி போட்டுக்கொண்ட 271 பேரில் 157 பேருக்கு விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாமல் போனது. ‘ஆம்பளையா இருக்கணும்’ என்று போடுகிற ஊசி செய்யும் வேலை இது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. 2005-ல் எனக்கு 24 வயது. மாவட்ட ஆணழகன் போட்டியில் 65 கிலோ பிரிவில் நின்றேன். எனக்கு முன்பிருந்தே பயிற்சி செய்துவந்த ஓர் அண்ணன், “இது இல்லாம மேடையே ஏற முடியாது” என்று ஆரம்பித்து வைத்தார். அந்த வருடம் மூன்றாவது பரிசு. அப்புறம் ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முன்னால் ஒரு கோர்ஸ். 2008-ல் கல்யாணம். அதற்கப்புறமும் நிறுத்தவில்லை, மனைவிக்குத் தெரியாமல் 2010 வரை போட்டேன்.

குழந்தை இல்லை. வீட்டில் எல்லோரும் என் மனைவியைத்தான் பார்த்தார்கள். கோயில் கோயிலாகப் போனாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவளுக்குத்தான். மலை மாதிரி உடம்பு வைத்திருக்கிற எனக்குக் குறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2010-ல் ஒரு மருத்துவர் என்னையும் பரிசோதிக்கச் சொன்னார். ஒரு மில்லி லிட்டருக்கு ஒன்றரைக் கோடியாவது இருக்க வேண்டிய உயிரணு, என் தாளில் 20 லட்சம் என்று இருந்தது. “வேற ஏதாவது மருந்து எடுக்குறீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, என் அக்குள் பக்கம் தோல் விரிந்து கிடந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். “ஜிம் ஊசியா?” என்றார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததை இன்றைக்கும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது.

அன்றைக்கு நிறுத்தினேன். அளவு பழையபடி ஏற 14 மாதம் ஆனது. 2012-ல் மகள் பிறந்தாள். எனக்கு மீண்டது. பல பேருக்குச் சில மாதங்களில் மீளும், சிலருக்கு வருடங்கள் ஆகும், சிலருக்கு மீளாமலே போகும். யார் எந்த வகை என்று ஊசி போடும் முன் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. இடது மார்புக் காம்புக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் அளவு மீறினால் அதில் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறும். அதனால் வளரும் மார்புச் சுரப்பி இது. தொடக்கத்தில் சட்டை உரசினாலே வலித்தது. கட்டி ஒருமுறை கெட்டிப்பட்டுவிட்டால் உடற்பயிற்சியால் கரையாது, அறுவை சிகிச்சைதான். என்னிடம் வரும் பையன்களைக் கட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். எந்தப் பேச்சையும்விட அது அவர்களுக்குச் சீக்கிரம் புரிகிறது.

வெளியே தெரியாத கேடுகள்தான் பெரியவை. நல்ல கொழுப்பு சரியும், கெட்ட கொழுப்பு ஏறும், ரத்த அழுத்தம் கூடும். சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாகும், அதனால் கட்டி தட்டும் வாய்ப்பு அதிகம். இதயமும் தசைதான், அதுவும் தடிக்கும். ஆனால் தடித்த இதயம் பலமான இதயம் இல்லை. 2017-ல் அமெரிக்காவில் எடைப் பயிற்சி செய்யும் 140 ஆண்களின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதில் 86 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. எடுக்காதவர்களுக்குச் சராசரி 63, எடுத்தவர்களுக்கு 52. டென்மார்க்கில் ஜிம் சோதனைகளில் ஸ்டீராய்டு எடுத்தது உறுதியான 545 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட அவர்களிடையே இறப்பு மூன்று மடங்கு என்று 2019-ல் வெளியிட்டார்கள். ‘ஜிம்முக்குப் போன வாலிபர் சுருண்டு விழுந்து சாவு’ என்று செய்தி வரும்போதெல்லாம் உடற்பயிற்சியைத் திட்டுகிறோம். இறந்த எல்லோரும் ஊசி போட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

மாத்திரையாக விழுங்குபவை ஈரலைத் தாக்கும். ஈரல் சிதைத்துவிடாதபடி அதன் வேதியியல் அமைப்பை மாற்றிச் செய்திருப்பதால்தான் வாய்வழி வேலை செய்கிறது. அந்த மாற்றமே ஈரலுக்கு வினை. மஞ்சள் காமாலை, ஈரலில் ரத்தப் பைகள், கட்டிகள் எல்லாம் வந்திருக்கின்றன. டயனாபாலை 1958-ல் அமெரிக்க எடைதூக்கும் வீரர்களிடம் கொண்டு போனவர் ஜான் ஜீக்லர் என்ற மருத்துவர். வீரர்கள் சொன்ன அளவை மீறி விழுங்குவதைப் பார்த்துப் பின்னாளில் அவரே வருந்தினார்.

18 வயது நிறையாத பையன் என்றால் இன்னும் கவனம். எலும்பு நுனிகள் வளர்ச்சியை நிறுத்தி சீக்கிரமே மூடிக்கொள்ளும், உயரம் அத்தோடு நின்றுவிடும். பெண்கள் எடுத்தால் குரல் தடிக்கும், முகத்தில் முடி வளரும், மாதவிலக்கு நிற்கும். தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாது. மேடைப் போட்டிக்குத் தயாராகும் பெண்களிடம் ‘இது லேசானது, பெண்களுக்கானது’ என்று சொல்லி விற்கிறார்கள். நம்ப வேண்டாம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு முயல்கிற பையன், பெண் யாராக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். நான்ட்ரோலோன், அதாவது அவர்கள் டெக்கா என்று சொல்வது, மாதக்கணக்கில் சிறுநீரில் தெரியும். பிடிபட்டால் பொதுவாக 4 ஆண்டு தடை. ஓடுகிற வயதே அவ்வளவுதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடின பென் ஜான்சன், ஸ்டனோசோலால் பிடிபட்டுச் சில நாட்களில் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். பையன்கள் வின்ஸ்ட்ரால் என்று சொல்வதும் அதே மருந்துதான்.

அந்தப் பையன் காட்டிய குப்பி ஒரிஜினலா என்ற கேள்விக்கு வருகிறேன். “எனக்குத் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது” என்றேன். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. சீட்டில்லாமல் கைமாறும் குப்பியில் லேபிளில் எழுதியிருப்பது இருக்கலாம், வேறு மருந்து இருக்கலாம், வெறும் எண்ணெயும் இருக்கலாம். சுத்தமில்லாமல் அடைத்த குப்பியால் பிட்டத்தில் சீழ்க்கட்டி வந்து, உட்கார முடியாமல் ஒரு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தவனைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே குப்பியில் மூன்று பேர் ஊசி விட்டு எடுப்பார்கள். ‘ஊசி வேற வேறதானே’ என்பார்கள். ஒருவன் போட்ட ஊசியை மறுபடி குப்பியில் விட்டாலே போதும், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. என்று அவனுக்கு எது இருந்தாலும் குப்பிக்குள் போய்விடலாம்.

இப்போது ஜிம்களில் இன்னொரு ஊசியும் சுற்றுகிறது, மெஃபென்டர்மின். இதையும் ஸ்டீராய்டு என்றே பையன்கள் நினைக்கிறார்கள். இது ஸ்டீராய்டே இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் நடக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்தால் ஏற்றுவதற்கு மருத்துவர் போடும் மருந்து. பயிற்சிக்கு முன் போட்டால் களைப்பு தெரியாது என்று போடுகிறார்கள். களைப்பு தெரியாமல் போவதுதான் ஆபத்து. இதயம் தாறுமாறாக அடிக்கும், தூக்கம் போகும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாத நிலை வரும்.

வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு மாதத்தில் எட்டு கிலோ தசை ஏறினால் அது சோற்றால் வந்ததில்லை. முதுகிலும் தோளிலும் திடீரென்று பெரிய பெரிய பருக்கள், அக்குள் ஓரம் சிவப்புக் கோடுகள், சின்னப் பேச்சுக்கும் கத்துவது, தட்டை வீசுவது, ராத்திரி வியர்வை. அலமாரியில் டமாக்சிஃபென், குளோமிஃபென் என்ற மாத்திரைகள் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்று மார்பகப் புற்றுநோய்க்கு, இன்னொன்று பெண்களுக்குக் கருமுட்டை வளர்வதற்குக் கொடுப்பது. கல்யாணமாகாத பையனின் சட்டைக்கடியில் அவை கிடந்தால், ஊசியின் பக்கவிளைவைச் சமாளிக்க யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பார்த்தவுடன் கத்தாதீர்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அவன் நம்புகிற ஒருவர், மாமாவோ அண்ணனோ நண்பனோ, தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், செய்ய வேண்டியது இது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் கூட்டிப்போங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. இல்லையென்றால் பொது மருத்துவரிடம் தொடங்குங்கள். என்ன போட்டான், எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். குப்பி இருந்தால் அதையும். நான் செய்தது மாதிரி இரண்டு தடவை பொய் சொல்ல வேண்டாம். மருத்துவர் எதை மனதில் வைத்துப் பரிசோதனை எழுதுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலும் ரத்த அணுக்கள், கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், டெஸ்டோஸ்டிரோன், பிட்யூட்டரி விதைகளுக்குச் சொல்லி அனுப்பும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., இ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன், விந்துப் பரிசோதனை. இதில் ஜிம்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடுமையாக எடை தூக்கினாலே ஈரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஏறிக் காட்டும், ஏனென்றால் அவை தசையிலிருந்தும் வரும். தசை அதிகமுள்ளவனுக்குச் சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினினும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதனால் ரத்தம் கொடுக்கும் முன் ஒரு வாரம் எடை தூக்காமல் இருந்துவிட்டுப் போங்கள். போனதும் மருத்துவரிடம் உங்கள் பயிற்சியைப் பற்றியும் சொல்லுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கண் மஞ்சளாவது, ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

நிறுத்தின பிறகு வரும் மாதங்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதனால்தான் பலர் மறுபடி தொடங்குகிறார்கள். தொட்டி காலி, மோட்டாரும் ஓடவில்லை என்றேனே, அந்தக் காலம் இது. உடம்பு இறங்கும். எனக்கு நாலு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. எதிலும் ஆசை இருக்காது, மனைவி மேலும் இருக்காது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பிடிக்காது. கண்ணாடியைப் பார்த்தால் அழுகை வரும். செத்துவிடலாம் என்ற எண்ணம்கூடச் சிலருக்கு வரும். இந்த நேரத்தில் அவனைத் தனியாக விடாதீர்கள். ‘பாத்தியா, ஊசி இல்லாம உன் உடம்பு இவ்வளவுதான்’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். மனது உடைந்தால் டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104-ம் இருக்கிறது. மோட்டாரை மறுபடி ஓடவைக்க மருத்துவர்களிடம் மருந்து உண்டு. ஆனால் அதை ஜிம்மில் எவனோ எழுதித்தரும் பட்டியலைப் பார்த்து வாங்கிப் போடக்கூடாது.

இப்போது அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். “எதுக்கு” என்றதற்கு, கடையில் கூட வேலை செய்பவர்கள் ‘ஒல்லி’ என்று கூப்பிடுகிறார்கள் என்றான். ஒன்றரை வருடமாக எடை தூக்குகிறான், கை பதினொன்றே முக்கால் அங்குலத்தில் நிற்கிறது. “இன்னைக்கு என்ன சாப்பிட்ட?” என்று கேட்டேன். காலையில் டீ, பன். மதியம் தயிர் சாதம். சாயங்காலம் இரண்டு பரோட்டா, சால்னா. ராத்திரி ஒரு மணிக்குத்தான் தூங்குவான், ஆறு மணிக்கு எழுந்திருப்பான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் எடை 58 கிலோ. எடைப் பயிற்சி செய்கிறவனுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும், அதாவது அவனுக்கு 93 கிராம். அவன் சாப்பிட்டது அதில் பாதி தேறினாலே அதிகம். செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் கூட்டிவந்தால் சுவர் எப்படி எழும்பும்?

ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து முட்டை, 30 கிராம். அரை லிட்டர் பால், 16. சோயா உருண்டை 50 கிராம், 26. வேர்க்கடலை 50 கிராம், 12. கொண்டைக்கடலைச் சுண்டல், ஊறவைக்கும் முன் 50 கிராம் நிறுத்தது, 10. மொத்தம் 94. சோறு, இட்லி எல்லாம் இதற்கு மேல் எப்போதும்போல. ஊசிக் கோர்ஸுக்கு அவன் சேர்த்து வைத்திருந்த பணத்தில் இதையெல்லாம் பல மாதம் வாங்கலாம். போனை பதினொன்றரைக்கு அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்றேன். அது அவனுக்கு முட்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. பயிற்சியையும் மாற்றினேன். தினமும் கை மட்டும் செய்துகொண்டிருந்தான். ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல் அப்ஸ், வாரத்துக்கு நாலு நாள், ஒவ்வொரு வாரமும் எடையைக் கொஞ்சம் கூட்டுவது. தூக்கின எடையை அவனே நோட்டில் எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு முறைதான் டேப்பை எடுப்போம். தினமும் அளந்தால் மனசு கெடும்.

“இப்படிச் செஞ்சா எவ்வளவு ஏறும்?” என்று கேட்டான். மாதம் அரை கிலோ, நல்ல மாதத்தில் முக்கால் என்றேன். அவன் முகம் விழுந்தது. எட்டு வாரத்தில் எட்டு கிலோ என்று கேட்டுவிட்டு வந்தவன். அங்கே நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. “வேணாம்னா வேற ஜிம்முக்குப் போ, ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போ” என்றேன். அதை மட்டும் வாக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாப் பையன்களிடமும் அதைக் கேட்கிறேன். பாதிப் பேர் மறுபடி வருகிறார்கள்.

இவன் வந்தான். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி, மறுபடி அதே ஷூ கயிறு. யாரோ பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறானாம். அன்றைக்கு என் விந்துப் பரிசோதனைத் தாளைக் காட்டினேன். 2010-ல் வாங்கினது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அவன் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அக்காவுக்குத் தெரியுமா மாஸ்டர்?” என்று கேட்டான். தெரியும் என்றேன். தாளை மடித்துக் கையில் கொடுத்தான். எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து, அன்றைக்குத் தூக்கின எடையை எழுதினான். டெட்லிஃப்ட், 90 கிலோ, 5 தடவை.